நைட்ரைல் ரப்பர்: தேர்வு செய்வது முதல் பொருத்துவது வரை முழுமையான வழிகாட்டி

கறுப்பு ஓ-ரிங் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு “இது நைட்ரைல்தானே?” என்று கேட்டால், “எந்த நைட்ரைல்?” என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். ஒரே பெயரில் விற்கும் இரண்டு வளையங்களில் ஒன்று பெட்ரோலில் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். இன்னொன்று இரண்டே நாளில் உப்பிப்போய், தான் உட்கார்ந்திருக்கும் பள்ளமான காடியிலிருந்து பிதுங்கும். இரண்டுமே நைட்ரைல்தான், கடைக்காரர் ஏமாற்றவில்லை. கேட்டவர் பாதிதான் கேட்டார், சிக்கல் அங்கேதான்.

எண்ணெய், கிரீஸ், டீசல் படுகிற இடத்தில் சீல், கேஸ்கெட், ஹோஸ், கையுறை என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் விடுபடும் மீதிப் பாதியைத்தான் கீழே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

உள்ளே என்ன இருக்கிறது

நைட்ரைல் ரப்பர், சுருக்கமாக என்.பி.ஆர்., இரண்டு மூலப்பொருள்கள் கலந்து சங்கிலியாகக் கோத்த பாலிமர். ஒன்று பியூட்டடையீன், இன்னொன்று அக்ரிலோநைட்ரைல். ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனத்தில் எரிக் கொன்ராட், எடுவார்ட் சுங்குர் இருவரும் உருவாக்கி 1930-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இது. 1930-களின் நடுவில் ‘பூனா-என்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்து, பிறகு ‘பெர்பூனான்’ ஆயிற்று. ‘பூனா’ என்பது பியூட்டடையீனும், சோடியத்தின் ஜெர்மன் பெயரான நாட்ரியமும் சேர்ந்த சுருக்கம். வேடிக்கை என்னவென்றால், நைட்ரைலை நீரில் குழம்பாக்கி வினைபுரிய வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். சோடியத்துக்கு அதில் வேலையே இல்லை. ஆனாலும் பழைய விவரத்தாள்களில் ‘பூனா-என்’ இன்னும் எட்டிப் பார்க்கும். அது வேறு பொருள் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

சங்கிலியில் இரண்டுக்கும் வெவ்வேறு வேலை. பியூட்டடையீன் பகுதி வளைந்து நெளியும் தன்மையையும் குளிரைத் தாங்கும் திறனையும் தருகிறது. அக்ரிலோநைட்ரைல் பகுதி மின்முனைவு உள்ளது. கனிம எண்ணெய்க்கு அந்த முனைவு கிடையாது. இனம் இனத்தோடுதான் சேரும் என்பதால் எண்ணெய் மூலக்கூறுகளால் இந்த ரப்பருக்குள் எளிதில் நுழைய முடிவதில்லை. எண்ணெய்க்கு எதிரான பலம் இதுதான். அசிட்டோனிடம் இது தோற்பதும் இதே காரணத்தால்தான்: அசிட்டோனும் முனைவுள்ளது, அதனால் உள்ளே வரவேற்பு கிடைத்துவிடுகிறது.

அக்ரிலோநைட்ரைல் அளவு ஏறத்தாழ 18 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை மாறும். அது ஏற ஏற எண்ணெய், பெட்ரோல் எதிர்ப்பு கூடும், வாயு கசிவு குறையும், குளிரில் விறைக்கும் வெப்பநிலையும் மேலே ஏறும். 18 சதவீத ரகம் மைனஸ் 50 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் கண்ணாடிபோல் இறுகும். 45-க்கு மேல் போனால் மைனஸ் 10 டிகிரி பக்கத்திலேயே இறுகத் தொடங்கிவிடும். எண்ணெய்த் தாங்குதிறன், குளிர்த் தாங்குதிறன் இரண்டையும் ஒரே வளையத்தில் முழுதாக வாங்க முடியாது. இந்த ஒரு விஷயம் மனதில் நின்றால் நைட்ரைல் தேர்வில் பாதித் தவறுகள் வராது.

எதைத் தாங்கும், எதைத் தாங்காது

கனிம எண்ணெய் அடிப்படையிலான ஹைட்ராலிக் ஆயில், இன்ஜின் ஆயில், கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய், எல்.பி.ஜி., தாவர எண்ணெய், சாதாரண நீர், நீர்த்த அமிலமும் காரமும்: இவற்றில் நைட்ரைல் நன்றாக உழைக்கும். நீர் சூடாக இருந்தால் 80 டிகிரி வரை போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீராவிக்கு வேண்டாம்.

அசிட்டோன், எம்.இ.கே. போன்ற கீட்டோன்கள், எத்தில் அசிட்டேட் போன்ற எஸ்டர்கள், டொலுயீன், பென்சீன், குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் ஆகியவற்றுக்கு இது ஆகவே ஆகாது. தின்னரில் பெரும்பாலும் இவையே கலந்திருப்பதால், தின்னர் பம்ப்பில் நைட்ரைல் சீல் போடுவது வீண். பெட்ரோல் நடுவில் நிற்கும் விஷயம். அதில் டொலுயீன் போன்ற அரோமாட்டிக் பங்கும் எத்தனால் கலப்பும் கூடக்கூட உப்புதலும் கூடும், அதனால் உயர் நைட்ரைல் ரகம் தேவைப்படும்.

மிக ஆபத்தான குழப்பம் பிரேக் திரவத்தில் நடக்கிறது. டாட் 3, டாட் 4 பிரேக் திரவங்கள் கிளைக்கால் ஈதர் வகை. அவற்றுக்கு எத்திலீன்-புரொப்பிலீன் வகையான இ.பி.டி.எம். ரப்பர்தான் சரி. “எண்ணெய் மாதிரி இருக்கிறதே, நைட்ரைல் போட்டால் என்ன” என்று பிரேக் சிலிண்டரில் நைட்ரைல் கப்பைப் போட்டால் அது உப்பி மென்மையாகும். தலைகீழாக, இ.பி.டி.எம். சீலை கனிம எண்ணெயில் போட்டாலும் அதே கதிதான். விமானங்களின் பாஸ்பேட் எஸ்டர் ஹைட்ராலிக் திரவத்திலும் இ.பி.டி.எம்.-க்குத்தான் இடம்.

அடுத்த பலவீனம் ஓசோன். பியூட்டடையீன் பகுதியின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்புகள் மிச்சம் இருக்கின்றன. காற்றில் உள்ள மிகச் சிறிதளவு ஓசோன்கூட அவற்றை வெட்டிவிடும். இழுபட்டு நிற்கும் ரப்பரில் மட்டும்தான் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும், அதுவும் இழுவைக்குச் செங்குத்தாக. வெயிலில் நிற்கும் ஹோஸின் வெளிப்பக்க வளைவில் மட்டும் மெல்லிய குறுக்குக் கோடுகள் வருவது இதனால்தான். வெளிப்புற வேலைக்கு நைட்ரைலோடு பி.வி.சி. கலந்த கலவையைத் தேர்ந்தெடுங்கள். ஹோஸ்களின் வெளித்தோலில் அது பரவலாக இருக்கிறது.

மின்காப்புக்கும் இதை நம்ப வேண்டாம். முனைவுள்ள ரப்பர் என்பதால் இயற்கை ரப்பர் அளவுக்கு மின்சாரத்தைத் தடுக்காது.

படி 1: வேலையை எழுதி வையுங்கள்

கடைக்கோ சப்ளையரிடமோ போகும் முன் ஒரு தாளில் இவ்வளவும் இருக்க வேண்டும்: எந்தத் திரவம் (வணிகப் பெயர் போதாது, அடிப்படை எது, என்ன சேர்ப்பான் என்பது வரை), தொடர்ந்து நிற்கும் வெப்பநிலை, எப்போதாவது எட்டும் உச்சம், குளிர்காலத்தில் இயந்திரம் நின்றிருக்கும்போது இறங்கும் அடிமட்டம், அழுத்தம், அசையும் சீலா நிலையான சீலா.

சாதாரண நைட்ரைலுக்கு மைனஸ் 30 முதல் 100 டிகிரி வரை தொடர்ந்து ஓடும் எல்லை. 120 டிகிரியைச் சிறிது நேரம் தாங்கும், தொடர்ந்து தாங்காது. எண்ணெய்க்குள் மூழ்கி இருக்கும்போது காற்று படாததால் ஓரளவு நீடிக்கும். சூடான காற்றில் அதே வெப்பத்துக்கு விரைவில் இறுகிவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பட்டறைகளில் புழங்கும் தோராயக் கணக்கு. துல்லியமில்லைதான், ஆனால் 110 டிகிரியில் ஓடும் சீலைப் பற்றி யோசிக்க வைக்க அது போதும்.

எழுதிய எண்கள் இந்த எல்லைக்கு வெளியே போனால் உறவுக்கார ரப்பர்களைப் பாருங்கள். ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைலில், அதாவது எச்.என்.பி.ஆர்.-இல், இரட்டைப் பிணைப்புகள் பெரும்பாலும் நிரப்பப்பட்டிருக்கும். 150 டிகிரி வரை போகும், ஓசோனையும் தாங்கும். இன்ஜின் டைமிங் பெல்ட்டுகளில் இருப்பது பெரும்பாலும் அதுதான். தேய்மானம் கடுமையாக இருந்தால் கார்பாக்சில் சேர்த்த எக்ஸ்.என்.பி.ஆர்.

படி 2: கிரேடை முடிவு செய்யுங்கள்

ஹைட்ராலிக் சிலிண்டர், கியர்பாக்ஸ், பம்ப் போன்ற பெரும்பான்மை வேலைகளுக்கு 28 முதல் 34 சதவீதம் வரையிலான நடுத்தர ரகம் போதும். பெட்ரோல், அரோமாட்டிக் கலந்த எரிபொருள் என்றால் 38-க்கு மேல். குளிர்பதனக் கிடங்கு, பனிப்பிரதேச வாகனம் என்றால் 18 முதல் 24 வரை. ஆனால் அந்த ரகம் எண்ணெயில் கூடுதலாக உப்பும் என்பதை ஏற்றுக்கொண்டு காடியில் இடம் விட வேண்டும்.

சதவீதத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி: கந்தகத்தில் வேகவைத்ததா (அதாவது சூட்டில் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்ததா), பெராக்சைடிலா? கந்தகம் விலை குறைவு, இழுவிசையும் கிழிப்பு எதிர்ப்பும் நன்றாக இருக்கும். பெராக்சைடில் வெந்தது சூட்டில் அமுங்கிக் கிடந்த பிறகும் நன்றாக மீண்டெழும். 90 டிகிரிக்கு மேல் நிலையாக அமுங்கிக் கிடக்கும் ஓ-ரிங்குக்குப் பெராக்சைடு ரகம் கேளுங்கள்.

கடினத்தன்மை ஷோர் ஏ அளவில் 40 முதல் 90 வரை கிடைக்கும். ஓ-ரிங்குக்கு 70 என்பது வழக்கம். காரணம் இல்லாமல் அதை மாற்ற வேண்டாம். அழுத்தம் 100 பாருக்கு மேல் போனால் 90, அல்லது 70-உடன், பிதுங்காமல் முட்டுக் கொடுக்கும் கடினமான பேக்-அப் ரிங். மேற்பரப்பு கரடாக, போல்ட் விசை குறைவாக இருக்கும் மூடிகளுக்கு 50 அல்லது 60.

கலவையைத் தாமே தயாரிப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. 34 சதவீத நைட்ரைல் 100 பங்குக்கு ஜிங்க் ஆக்சைடு 5, ஸ்டியரிக் அமிலம் 1, நடுத்தரக் கார்பன் பிளாக் 50 முதல் 60, மென்மையாக்கும் பிளாஸ்டிசைசர் 5 முதல் 10, ஆன்டிஆக்சிடன்ட் 1 முதல் 2, கந்தகம் 1.5, வேகவைப்பை விரைவாக்கும் ஆக்சிலரேட்டரான எம்.பி.டி.எஸ். 1.5 என்பது தொடங்குவதற்கு ஏற்ற பழைய சமையல் குறிப்பு. இயற்கை ரப்பரில் கந்தகத்தைக் கடைசியில் போடும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். கந்தகம் நைட்ரைலில் சரியாகக் கரையாது. கடைசியில் போட்டால் திட்டுத்திட்டாக நின்று, வெந்த பிறகு ஓரிடம் கொழகொழவென்றும் ஓரிடம் கல்லாகவும் இருக்கும். அதை முதலிலேயே போட்டு நன்றாகப் பரவ விட்டு, ஆக்சிலரேட்டரைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். ரோல்களைக் குளிராகவே வைத்திருங்கள்.

படி 3: குறியீட்டைப் படியுங்கள்

நல்ல விவரத்தாளில், ரப்பரை வகைப்படுத்தும் அமெரிக்கத் தரநிலையான ஏ.எஸ்.டி.எம். டி2000 முறையில் ஒரு வரி இருக்கும். உதாரணம்: எம்2பிஜி714. ‘எம்’ என்றால் அளவுகள் மெட்ரிக்கில். ‘2’ தர எண். ‘பி’ வெப்ப வகை: 100 டிகிரியில் 70 மணி நேரம் சூடாக்கிய பிறகு இழுவிசை மாற்றம் 30 சதவீதத்துக்குள், நீட்சி இழப்பு 50 சதவீதத்துக்குள், கடினத்தன்மை மாற்றம் 15 புள்ளிக்குள் இருக்க வேண்டும். ‘ஜி’ எண்ணெய் வகுப்பு: ஐ.ஆர்.எம். 903 என்ற சோதனை எண்ணெயில் 70 மணி நேரம் ஊறிய பிறகு உப்புதல் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ‘7’ என்றால் ஷோர் ஏ 70, ‘14’ என்றால் இழுவிசை 14 மெகாபாஸ்கல்.

‘ஜி’ இடத்தில் ‘எச்’ வந்தால் 30 சதவீதம், ‘கே’ வந்தால் 10 சதவீதம். நைட்ரைல் பெரும்பாலும் பிஎஃப், பிஜி, பிகே, சிஎச் என்ற வகைகளில் வரும். பின்னால் பி14 என்று ஒட்டியிருந்தால் 100 டிகிரியில் 22 மணி நேரம் கம்ப்ரெஷன் செட் (அமுக்கி விட்ட பிறகு மீளாமல் நிற்கும் தட்டை) பார்த்திருக்கிறார்கள், இஓ34 என்றால் 903 எண்ணெயில் 100 டிகிரியில் ஊற வைத்திருக்கிறார்கள். இந்த வால் எழுத்துகள் இல்லாத தாளில் ‘உயர்தரம்’ என்று எத்தனை முறை எழுதியிருந்தாலும் பயனில்லை.

படி 4: கையில் வந்தது நைட்ரைல்தானா?

நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பு எல்லா ரப்பருக்கும் பொது. கொளுத்திப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். நைட்ரைல் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். தெரியாமல் புளோரோகார்பன் ரப்பரைக் கொளுத்திவிட்டால் ஹைட்ரஜன் புளோரைடு வரும்.

அடர்த்தி பார்ப்பது பாதுகாப்பானது, எளிதும்கூட. 0.001 கிராம் வரை காட்டும் தராசில் காற்றில் எடை எடுங்கள். பிறகு மெல்லிய நூலில் கட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த நீருக்குள் தொங்கவிட்டு எடை எடுங்கள். காற்று எடையை, இரண்டு எடைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி. கறுப்பு நைட்ரைல் பெரும்பாலும் 1.2 முதல் 1.3-க்குள் நிற்கும். புளோரோகார்பன் ரப்பர் 1.8-ஐ ஒட்டியோ மேலேயோ இருக்கும். அந்த வித்தியாசத்தைத் தவறவிடவே முடியாது.

இ.பி.டி.எம்., எஸ்.பி.ஆர். (ஸ்டைரீன்-பியூட்டடையீன் ரப்பர்), இயற்கை ரப்பர் ஆகியவற்றிலிருந்து பிரிக்க, ஒரு துண்டைக் கனிம எண்ணெயில் மூன்று நாள் போடுங்கள். அவை கண்ணுக்குத் தெரிய உப்பும். நைட்ரைல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். எச்.என்.பி.ஆர்.-ஐ நைட்ரைலிலிருந்து பிரிக்க இந்த வீட்டு வைத்தியங்கள் போதாது, ஆய்வகத்தில் அகச்சிவப்பு நிறமாலை எடுக்க வேண்டும். அதில் 2237 அலையெண் பக்கத்தில் வரும் கூர்முனை நைட்ரைல் தொகுதியின் முத்திரை. ஆனால் அது இரண்டிலுமே இருக்கும். இரட்டைப் பிணைப்பின் கோடுகள் தேய்ந்திருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள்.

படி 5: உங்கள் திரவத்தில் ஊற வைத்துப் பாருங்கள்

பட்டியல்கள் ‘பொருந்தும்’ என்று சொல்வது பொதுவான நைட்ரைலுக்கு. உங்கள் எண்ணெயில், உங்கள் சேர்ப்பானோடு என்ன நடக்கும் என்று தெரிய ஊறல் சோதனையைவிட நம்பகமானது எதுவும் இல்லை. செலவும் கிடையாது.

மாதிரித் துண்டை மேலே சொன்னபடி காற்றிலும் நீரிலும் எடை எடுங்கள். காற்றில் 2.500 கிராம், நீரில் 0.480 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2.020, அதுதான் கன சென்டிமீட்டரில் கொள்ளளவு. நன்றாகத் துடைத்து உலர்த்தி, மூடியுள்ள கண்ணாடிக் குடுவையில் திரவத்தில் முழுகும்படி வையுங்கள். துண்டு குடுவையின் சுவரில் ஒட்டிக் கிடக்கக் கூடாது. வேலை செய்யும் வெப்பநிலையிலேயே 70 மணி நேரம். பெட்ரோல் போன்றவை என்றால் அறை வெப்பத்தில் மட்டும், தீயிலிருந்து தள்ளி.

எடுத்து, ஆறவிட்டு, மேலே ஒட்டியதைத் துடைத்துவிட்டு உடனே மறுபடி எடை எடுங்கள். காற்றில் 2.770, நீரில் 0.447 என்றால் புதிய கொள்ளளவு 2.323. கூடியது 0.303, அதாவது 15 சதவீதம். நிலையான சீலுக்கு இது பிரச்சினை இல்லை. அசையும் சீலுக்குக் கவலைப்பட வேண்டிய எல்லை இதற்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பலர் தவறவிடும் பாதி இதற்கு மேல்தான் வருகிறது. அதே துண்டைக் காற்றோட்டத்தில் நன்கு உலர்த்தி மூன்றாம் முறை எடை பாருங்கள். முதல் எடையைவிடக் குறைந்திருந்தால், திரவம் உள்ளே போன அதே வேளையில் ரப்பருக்குள் இருந்த பிளாஸ்டிசைசர் வெளியே போயிருக்கிறது. ஊறும்போது இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, எண் அழகாகத் தெரிந்திருக்கும். பெட்ரோல் வற்றி மாதக்கணக்கில் நின்ற இயந்திரம், மறுபடி பெட்ரோல் ஊற்றியதும் ஒழுகுவதன் ரகசியம் இது: ஓடிக்கொண்டிருந்தவரை உப்பல் சீலைக் காப்பாற்றியது, காய்ந்ததும் வளையம் தன் பிறந்த அளவையும் விடச் சுருங்கிவிட்டது.

கடினத்தன்மையையும் முன்னும் பின்னும் பாருங்கள். 10 புள்ளிக்கு மேல் மென்மையானாலோ இறுகினாலோ அந்தக் கலவையை ஒதுக்குங்கள். கந்தகம் உள்ள இ.பி. (மிகை அழுத்த) சேர்ப்பான் கொண்ட கியர் ஆயில்கள் சூட்டில் நைட்ரைலை மேலும் மேலும் வேகவைத்து இறுக வைக்கும். உப்பல் எண் சரியாக இருக்கும், வளையம் மட்டும் மரக்கட்டையாகும்.

படி 6: காடிக் கணக்கு

ஓ-ரிங் ஒழுகினால் ரப்பரைத் திட்டுவதற்கு முன் காடியை அளந்து பாருங்கள்.

3.53 மி.மீ. தடிமன் உள்ள ஓ-ரிங்கை எடுத்துக்கொள்வோம். காடியின் அடியிலிருந்து எதிர்ப்பரப்பு வரை 2.85 மி.மீ. இடைவெளி என்றால், அமுக்கம் 0.68 மி.மீ., அதாவது 19 சதவீதம். நிலையான சீலுக்கு 15 முதல் 30 சதவீதமும், அசையும் சீலுக்கு 10 முதல் 20 சதவீதமும் பொதுவான எல்லை என்பதால் இது இரண்டுக்கும் பொருந்தும்.

அடுத்து நிரப்பு அளவு. வளையத்தின் வெட்டுப் பரப்பு 9.79 சதுர மி.மீ. காடி அகலம் 4.8 மி.மீ. என்றால் காடியின் பரப்பு 13.68. நிரப்பு 71.5 சதவீதம், பரவாயில்லை. 15 சதவீதம் உப்பினால் பரப்பு 11.25 ஆகி நிரப்பு 82 சதவீதத்துக்கு ஏறும். 85-ஐத் தாண்டாமல் இருப்பதுதான் பாதுகாப்பு, இன்னும் உள்ளேதான் இருக்கிறோம். ஆனால் ‘ஜி’ வகுப்பு அனுமதிக்கும் 40 சதவீதம் முழுவதும் உப்பினால்? பரப்பு 13.70. காடியில் இருப்பதோ 13.68. ரப்பர் அமுங்கும்போது வடிவம்தான் மாறும், கொள்ளளவு குறையாது. போக இடமில்லாமல் இடுக்கு வழியே பிதுங்கும், அல்லது மெல்லிய மூடியையே தூக்கிவிடும். விவரக்குறிப்பில் தேர்ச்சி பெற்ற ரப்பர் உங்கள் காடியில் தோற்கக்கூடும் என்பது இதுதான்.

நீட்டிப் பொருத்தும் வளையம் மெலியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் 5 சதவீதம் நீண்டால் தடிமன் ஏறத்தாழ 2.4 சதவீதம் குறையும்; மேலே கண்ட 19 சதவீத அமுக்கம் 17 ஆகும். பொருத்திய நிலையில் 5 சதவீதத்துக்கு மேல் நீட்சி நிற்கக் கூடாது. மெலிவதோடு, எப்போதும் இழுபட்டு நிற்கும் நைட்ரைலை ஓசோன் எளிதில் வெட்டும்.

படி 7: பொருத்துதல்

1. தண்டு நுழையும் விளிம்பில் 15 முதல் 20 டிகிரிச் சரிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கூர்முனை இருந்தால் எமரி தாளில் மழுங்க வையுங்கள். புது ஓ-ரிங் முதல் நாளே ஒழுகினால், சந்தேகத்தை முதலில் இந்த விளிம்பின் மீது வையுங்கள்.

2. பழைய வளையத்தை எடுக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். பித்தளை அல்லது பிளாஸ்டிக் கொக்கி போதும். காடியின் அடியில் ஒரு கீறல் விழுந்தால் அது நிரந்தர ஒழுகல் பாதை.

3. காடியையும் எதிர்ப்பரப்பையும் நூல் உதிராத துணியால் துடையுங்கள். நிலையான பரப்பு 1.6 மைக்ரோமீட்டருக்குள், அசையும் பரப்பு 0.4-க்குள் மென்மையாக இருக்க வேண்டும். சுத்தம் செய்ய அசிட்டோன் பயன்படுத்தினால், முழுதும் ஆவியான பிறகே ரப்பர் கிட்டே வரலாம்.

4. வளையத்துக்கும் பரப்புக்கும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவுங்கள். நைட்ரைலுக்குக் கனிம எண்ணெய்க் கிரீஸ், சிலிக்கான் கிரீஸ் இரண்டும் ஆகும். உள்ளே ஓடும் எண்ணெயையே தடவினாலும் போதும்.

5. மரைகளையும் சாவித்தடங்களையும் தாண்டிப் போக வேண்டியிருந்தால் அவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறையோ டேப்போ சுற்றிக்கொள்ளுங்கள்.

6. காடியில் விழுந்ததும் சுற்றிலும் விரலை ஓட்டி, முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அச்சில் வார்த்த மெல்லிய தையல் கோடு நேராக ஓட வேண்டும். சுருள் சுருளாகப் போனால் கழற்றி மறுபடி போடுங்கள்.

7. பேக்-அப் ரிங் இருந்தால் அது அழுத்தம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். இதை மாற்றிப் போட்டால் போடாததற்குச் சமம்.

ஆயில் சீல் என்றால்

சுழலும் ஷாஃப்ட்டில் இருக்கும் சீலில் வெப்பம், ஷாஃப்ட்டை உரசும் மெல்லிய விளிம்பான உதட்டில்தான் பிறக்கிறது. எண்ணெய் 80 டிகிரி என்றால் உதடு அதைவிட 20 முதல் 40 டிகிரி அதிகமாக இருக்கலாம். அதனால்தான் வேகக் கணக்கு முக்கியம். 40 மி.மீ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் விளிம்பு வேகம் நொடிக்கு 6.3 மீட்டர். நைட்ரைல் உதட்டுக்கு நொடிக்கு 10 முதல் 12 மீட்டர் வரை என்பது வழக்கமான உச்சம். அதற்கு மேல் புளோரோகார்பன் பக்கம் போங்கள்.

ஸ்பிரிங் உள்ள உதடு எண்ணெய்ப் பக்கம் பார்க்க வேண்டும். ஓட்டுவதற்கு முன் உதட்டில் கட்டாயம் எண்ணெய் தடவுங்கள்; வறண்ட உதடு ஓடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கருகிவிடும். பழைய சீல் ஓடிய இடத்தில் ஷாஃப்ட்டில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் புது சீலும் அங்கே நிற்காது. ஸ்லீவ் போடுங்கள், அல்லது உதடு ஓரிரண்டு மி.மீ. தள்ளி உட்காரும்படி சீலை நகர்த்துங்கள்.

ஷீட்டிலிருந்து கேஸ்கெட் வெட்டும்போது

போல்ட் துளைகளை முதலில் பன்ச்சால் அடித்துவிட்டுப் பிறகு விளிம்பை வெட்டுங்கள். உள்விட்டத்தைக் குழாயின் விட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக விடுங்கள், அமுங்கும்போது ரப்பர் உள்நோக்கிப் பிதுங்கும். கத்திக்குச் சோப்பு நீர் தொட்டுக்கொண்டால் வெட்டு நேராக வரும். 3 மி.மீ. ஷீட்டை 20 முதல் 25 சதவீதம் அமுக்கினால், அதாவது 2.4 முதல் 2.25 மி.மீ. வரை வந்தால் போதும். குறுக்கு வரிசையில், மூன்று சுற்றாக இறுக்குங்கள். முகப்பில் கிரீஸ் தடவும் பழக்கம் இங்கே தவறு: வழுக்கும் கேஸ்கெட் அழுத்தத்தில் வெளியே நழுவிவிடும். ஒழுகினால் இன்னும் இறுக்குவோம் என்று போனால் துளைகளுக்கு இடையே கிழியும்.

கையுறை

கையுறைகளுக்குப் பயன்படுவது கார்பாக்சில் சேர்த்த நைட்ரைல் பால். இயற்கை ரப்பரின் புரதம் இதில் இல்லாததால் அந்தப் புரத ஒவ்வாமை வராது. வேகவைக்கும்போது சேர்த்த ஆக்சிலரேட்டரால் தோல் அரிப்பு வரலாம். அப்படி வருபவர்கள் ஆக்சிலரேட்டர் இல்லாத ரகத்தைத் தேடுங்கள். 0.1 மி.மீ. கனமுள்ள ஒருமுறைக் கையுறை தெறிப்புக்கு மட்டும்தான். எண்ணெயில் கை விட்டு வேலை செய்யத் தடித்த ரகம் வேண்டும். உறையில் ஐ.எஸ்.ஓ. 374 குறியின் கீழ் உள்ள எழுத்துகளைப் பாருங்கள்: ‘ஜே’ ஹெப்டேன், ‘கே’ 40 சதவீத காஸ்டிக் சோடா, ‘பி’ அசிட்டோன், ‘எஃப்’ டொலுயீன். நைட்ரைலில் ‘ஜே’, ‘கே’ அடிக்கடி வரும், ‘பி’ வராது. அசிட்டோன் தெறித்த மெல்லிய நைட்ரைல் கையுறை கிழியாமல் முழுதாகத் தெரிந்தாலும் உடனே கழற்றுங்கள், உள்ளே ஊடுருவ அதற்கு நேரமே பிடிக்காது.

கழற்றிய சீல் சொல்லும் சேதி

பழையதைக் குப்பையில் போடும் முன் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இருபக்கமும் தட்டையாகி நின்றால் கம்ப்ரெஷன் செட்: வெப்பம் கூடுதல், அல்லது கந்தக ரகம் அந்தச் சூட்டுக்குப் போதவில்லை. ஒரு பக்க விளிம்பு மட்டும் எலி கடித்ததுபோல் இருந்தால் அழுத்தத்தில் இடுக்குக்குள் பிதுங்கியிருக்கிறது: இடைவெளியைக் குறையுங்கள், 90 ஷோருக்குப் போங்கள், அல்லது பேக்-அப் ரிங் சேருங்கள். சீவியெடுத்த மெல்லிய தோல்போல ஓரிடத்தில் வெட்டு என்றால் பொருத்தும்போது நடந்த தவறு. பளபளவென்று இறுகி, மடக்கினால் ‘பட்’டென்று ஒடிந்தால் வெப்பம். கொழுத்து மென்மையாகி இருந்தால் திரவம் பொருந்தவில்லை. உடம்பைச் சுற்றிச் சுருள் வெட்டு என்றால் அசையும்போது உருண்டிருக்கிறது, பரப்பு கரடு அல்லது மசகு போதவில்லை. உள்ளே கொப்புளம் என்றால் உயரழுத்த வாயு உள்ளே ஊறி, அழுத்தம் சட்டென்று இறங்கியபோது வெடித்து வந்திருக்கிறது.

வைத்திருக்கும் முறை

ஐ.எஸ்.ஓ. 2230 நைட்ரைலை நடுப்பிரிவில் வைக்கிறது: பொருத்தாத பாகங்களுக்கு முதற்கட்டமாக 7 ஆண்டு. இது வாங்கிய நாளிலிருந்து இல்லை, வெந்த நாளிலிருந்து எண்ண வேண்டியது. அதனால் பையில் க்யூர் தேதி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். காலாண்டும் ஆண்டுமாக ‘3க்யூ24’ என்பதுபோல் இருக்கும்.

ஒளி புகாத பையில், 25 டிகிரிக்குள், தட்டையாக வையுங்கள். ஆணியில் மாட்டித் தொங்கவிட்டால் தொங்கும் புள்ளியில் இழுவை நிற்கும், ஓசோன் அங்கேதான் முதலில் கடிக்கும். வெல்டிங் இயந்திரம், மின்மோட்டார், புற ஊதா விளக்கு இருக்கும் அறையில் ரப்பர் அலமாரி வைக்க வேண்டாம். அவை எல்லாம் ஓசோன் உண்டாக்குபவை. பழைய இருப்பில் சந்தேகம் வந்தால் ஒரு வளையத்தை விரலில் மாட்டி லேசாக நீட்டி, உருப்பெருக்கியில் பாருங்கள். குறுக்கே ஒரே ஒரு மயிரிழைக் கோடு தெரிந்தாலும் அந்தப் பையில் உள்ள எதையும் பொருத்தாதீர்கள்.